தெருவில் கும்பல் அடாவடி: எந்த அலுவலகத்தில், எந்த வரிசையில், எதைக் கேட்பது? சேலம் குடியிருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

தெருமுனையில் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் கேட்பது, சம்பள நாளில் தொழிலாளர்களை மறித்துப் பணம் பறிப்பது, பட்டாக்கத்தியால் கேக் வெட்டித் தெருவையே மிரட்டுவது ஆகியவற்றால் அலுத்துப்போன குடியிருப்போர் நலச் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். கொலுசுப் பட்டறைகளும் விசைத்தறிகளும் நெருங்கிய ஒரு பகுதியில், சங்கச் செயலாளராக இந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்தேன். பின்னர் பக்கத்துச் சங்கங்கள் யோசனை கேட்டு வந்தபோது, எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதைக் கண்டேன்.

முதல் தடுமாற்றம் மனுவிலேயே இருக்கிறது. "ரவுடிகளை ஒழித்துத் தர வேண்டுகிறோம்" என்று ஒரே மனுவை மேயர், ஆட்சியர், ஆணையர், அமைச்சர் என அனைவருக்கும் அனுப்புகிறார்கள். அப்படி ஒழித்துத் தரும் அதிகாரம் எந்த ஓர் அலுவலகத்துக்கும் இல்லை. விளக்குப் போட மாநகராட்சிக்கும், வழக்குப் பதிய காவல் நிலையத்துக்கும், இனி ஒழுங்காக இருப்பேன் என்ற நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க நிர்வாக நடுவருக்கும் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்), தடுப்புக்காவலுக்கு ஆணையிட மாநகரக் காவல் ஆணையருக்கும் அதிகாரம் உண்டு. அவரவர் கையில் இருப்பதை மட்டும், ஒன்று முடிந்தபின் அடுத்தது என்ற வரிசையில் கேட்க வேண்டும். சண்டையோ மிரட்டலோ இப்போதே நடந்துகொண்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 100 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் தெரு எந்த வார்டில், எந்த மண்டலத்தில், எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறது என்பதை முதலில் எழுதிவையுங்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகளும், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களும் உள்ளன. காவல் நிலைய எல்லைகள் வார்டு எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. ஒரே தெருவின் இரு பக்கங்களும் இரு நிலையங்களுக்குப் போகும் இடங்கள் உண்டு. கும்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும், எல்லைக்கோட்டில்தான் உட்காருவார்கள்.

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் வசிப்போருக்கு அமைப்பே வேறு. அங்கே மாநகரக் காவல் ஆணையருக்குப் பதில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும், மாநகராட்சிக்குப் பதில் ஊராட்சியும், வார்டு கூட்டத்துக்குப் பதில் கிராம சபையும் உண்டு. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் தங்கள் வீடு மாநகர எல்லைக்குள் வருகிறதா, மாவட்டக் காவல் எல்லைக்குள் வருகிறதா என்பதை நிலையத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, இந்த வேலைக்கு ஐந்து பேர் போதும். ஐம்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு வேண்டாம். அதில் கும்பல்காரனின் மச்சானும் இருப்பான். ஐவரில் குறைந்தது இருவர் பெண்களாக இருப்பது நல்லது. பகல் முழுவதும் தெருவில் நடப்பதைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

2. முப்பது நாள் நிகழ்வுப் பதிவேடு

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நாள், நேரம், இடம், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், என்ன நடந்தது, யார் கண்ணால் கண்டது, வண்டி இருந்தால் அதன் எண், யாருக்குத் தகவல் சொல்லப்பட்டது ஆகிய எட்டுக் கட்டங்களை வரையுங்கள். முப்பது நாள் எழுதும்வரை எந்த மனுவும் கொடுக்காதீர்கள். காயம், மிரட்டல், பணப்பறிப்பு போன்றவை மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை அன்றே நிலையத்தில் புகாராகக் கொடுத்துவிட வேண்டும்.

புதியவர்கள் எழுதும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தினமும் பசங்க கஞ்சா அடிச்சிட்டு ரகளை." இதைப் படிக்கும் உதவி ஆய்வாளர் எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே ஆள் அனுப்புவார்? "சனிக்கிழமை இரவு 8.40, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், பட்டறைத் தொழிலாளி ஒருவரை மூவர் மறித்து 500 ரூபாய் பிடுங்கினர், ஒருவரிடம் கத்தி இருந்ததை இன்னார் பார்த்தார்" என்று எழுதினால், அதில் ஒரு குற்றமும் ஓர் இடமும் ஒரு சாட்சியும் இருக்கின்றன.

முப்பது நாளின் முடிவில் நோட்டைப் புரட்டினால் தானாகவே ஓர் ஒழுங்கு தெரியும். எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் சனிக்கிழமை மாலையில், கூலி பட்டுவாடா முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், இரண்டே இடங்களில் நடந்திருந்தன. ஊரே ரவுடிகள் கையில் போய்விட்டதாகப் பேசிக்கொண்டிருந்த நாங்கள், உண்மையில் இரண்டு இருட்டு மூலைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பெயர்ப் பட்டியல் மட்டும் தயாரிக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தெருக்காரர்கள் எழுதும் "சந்தேகப்படும் நபர்கள்" பட்டியலில் தலைமுடி நீளமாக வளர்த்தவன், வேலை இல்லாதவன், குறிப்பிட்ட சாதிக்காரன், வாடகைக்கு வந்த வெளியூர்க்காரன் எல்லாரும் வந்துவிடுவார்கள். உண்மையில் கத்தி வைத்திருப்பவன், சொந்தக்காரன் என்பதால் விடுபட்டிருப்பான். நிகழ்வை எழுதுங்கள்; அதைச் செய்தவர் யார் என்று நேரில் தெரிந்தால் மட்டும் அந்த நிகழ்வோடு சேர்த்துப் பெயரை எழுதுங்கள்.

3. மாநகராட்சி வேலை முதலில்

காவல் நிலையத்துக்கு முன் மாநகராட்சிக்குப் போவதற்குக் காரணம் எளிது. விளக்குக் கேட்டவனை யாரும் வெட்ட வருவதில்லை. இந்தக் கட்டத்தில் எவர் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கும்பல் கூடும் இடத்தின் வசதியை நீங்கள் குறைத்துவிடுகிறீர்கள்.

பதிவேட்டில் அடிக்கடி வரும் இடங்களுக்கு இரவு எட்டு மணிக்கு ஐவரும் நடந்து செல்லுங்கள். எரியாத விளக்கு, விளக்கை மறைக்கும் மரக்கிளை, சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை, கதவில்லாத பாழடைந்த கட்டடம், பூட்டப்படாத பூங்கா, பயன்படாத கழிப்பறை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மனு எழுதுங்கள். ஆறு குறைகளை ஒரே மனுவில் எழுதினால், விளக்குப் பிரிவு பார்த்துவிட்டுப் பொறியியல் பிரிவுக்கும், அங்கிருந்து சுகாதாரப் பிரிவுக்கும் போய், முதல் குறை தீர்ந்தவுடன் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள்.

மனு மண்டல உதவி ஆணையருக்குப் போக வேண்டும், நகல் வார்டு உறுப்பினருக்கு. விளக்கு மனுவில் கம்ப எண் கட்டாயம். காலி மனை தனியாருடையது என்றால், மாநகராட்சி தானே வெட்டித் தர வேண்டும் என்று கேட்காமல், உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும்படி கேளுங்கள்; சர்வே எண்ணையும் எழுதிக் கொடுத்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

அதோடு, வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபையை விடாதீர்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டப்படி அமைக்கப்பட்டு, முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. பலர் இதைத் தண்ணீர், சாக்கடைக்கு மட்டுமான கூட்டம் என்று நினைத்து, போனாலும் பேசாமல் திரும்புகிறார்கள். உங்கள் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறினால் அது சங்கத்தின் புலம்பல் என்ற நிலையிலிருந்து வார்டின் கோரிக்கையாகிறது. பின்னர் ஆணையரைச் சந்திக்கும்போது அந்தக் குறிப்பின் தேதியைச் சொன்னாலே போதும். மலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபை நாள்களும் இதற்குப் பயன்படும்.

மாநகராட்சியில் பணம் இல்லை என்று பதில் வந்தால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும் திட்டம் அது. பணம் கட்டும் முன் மதிப்பீட்டு நகலை வாங்கிவிடுங்கள்.

4. காவல் நிலையம்: மனு, ரசீது, வழக்கு

இங்கேதான் அதிகம் பேர் சோர்ந்து விடுகிறார்கள். மனு ரசீதுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு தெரியாததே பெரும்பாலும் காரணம். நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது தருவார்கள். உங்கள் மனு பதிவானது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு அமைப்பு ரீதியான குற்றத்துக்குக் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை விதிக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த, முந்தைய பத்தாண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். குண்டர் சட்டத்துக்கும் தொடர்ந்து குற்றம் செய்பவர் என்று காட்ட வழக்குகள் வேண்டும். நாற்பது மனு ரசீதுகள் இருந்தாலும், வழக்கு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்த ஆள் சுத்தமானவன். "எத்தனை தடவை மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை முதல் தகவல் அறிக்கை எண்கள் உங்களிடம் உள்ளன என்பதுதான். பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது.

ஆகவே நிலையத்துக்கு இருவகை மனுக்கள் தனித்தனியே போக வேண்டும். ஒன்று, சங்கத்தின் பெயரில் ரோந்து கேட்டு. அதில் பதிவேட்டின் சுருக்கமான நாள், நேர, இட அட்டவணையை இணையுங்கள். சனிக்கிழமை மாலை 6 முதல் 9 வரை இன்ன இரு இடங்கள் என்று கேட்டால் ஆய்வாளருக்கு ஆள் ஒதுக்க எளிது. மற்றது, பாதிக்கப்பட்டவரின் பெயரில், ஒரே ஒரு நிகழ்வைப் பற்றிய புகார். சங்கம் அவருக்குத் துணையாகப் போகலாம், எழுதிக் கொடுக்கலாம். அவருக்குப் பதிலாகப் புகார் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. பணம் பறிகொடுத்தவர் வாய் திறக்காத வழக்கு நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்பதை 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. எல்லை வேறு என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பெற்றுப் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். 90 நாள்களுக்குள் புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது.

பதிய மறுத்தால் சத்தம் போடாமல் வெளியே வாருங்கள். அதே புகாரை ஸ்பீடு போஸ்ட்டில் மாநகரக் காவல் ஆணையருக்கு, மலைப்பகுதியானால் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதிலும் பயனில்லையென்றால் 175(3) பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். அப்போது தபால் ரசீதுதான் உங்கள் முதல் ஆவணம். நேரில் குறை சொல்ல ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆனால் காவல் புகாரை அங்கே கொடுத்தால் அது சுற்றிக்கொண்டு அதே நிலையத்துக்கே வரும்.

இன்னொரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய வழக்குகளில் கைது கட்டாயமில்லை. அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம். காலையில் பிடித்தவன் மாலையில் டீக்கடையில் நிற்பதைக் கண்டு "காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்" என்று முடிவுகட்டி, அடுத்த நிகழ்வில் புகாரே கொடுக்காமல் விடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வழக்குகள்தான் பின்னால் வரும் படிகளுக்கு அடிப்படை.

எங்கள் சொந்தப் பிழை ஒன்று. முதல் மனுவில் நூறு பேருக்கு மேல் முகவரி, கைப்பேசி எண்ணோடு கையெழுத்திட்டோம். சில நாள்களில் அதன் நகல் எப்படியோ வெளியே போய், மூன்று வீட்டுக்காரர்களுக்கு இரவில் அழைப்பு வந்தது. அதன்பின் சங்கத்தின் முத்திரையும் தலைவர், செயலாளர் கையெழுத்தும் மட்டுமே வைத்தோம். மனுவின் பலன் குறையவில்லை.

5. கேமரா: வாங்குவதைவிடப் பராமரிப்பது கடினம்

கேமரா வைத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவது மிகப் பொதுவான பிழை. பதிவுப் பெட்டியின் கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். நாற்பது நிமிடம் பின்தங்கிய கடிகாரத்தால், சம்பவ நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாக எதிரி சொல்வது எடுபட்டுவிடும். பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்துப் பழைய பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். நிகழ்வு நடந்த அன்றே உரிய பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள்.

நீதிமன்றத்தில் அப்பதிவு ஏற்கப்பட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்; அதில் ஒரு பகுதியைக் கருவியின் பொறுப்பாளரும் மற்றதை வல்லுநரும் தர வேண்டும். ஆகவே பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சங்கத் தீர்மானமாக எழுதிவையுங்கள். பதிவைக் காவல்துறைக்கு மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், சாட்சி பலருக்கு நடுவே குற்றவாளியை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பின் மதிப்பே போய்விடும்.

6. கும்பலின் வருமானம்

சந்துக்கடை எனும் திருட்டு மது விற்பனை, மூன்று நம்பர் லாட்டரி, கஞ்சா, கந்துவட்டி வசூல்: இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாமல் ஒரு கும்பல் ஒரே தெருமுனையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. இவற்றைப் பற்றி உள்ளூர் நிலையத்தில் நேரில் சொல்லத் தயங்கினால், போதைப்பொருளுக்கு 10581 என்ற இலவச எண் உண்டு. லாட்டரி தமிழ்நாட்டில் 2003 முதல் தடைசெய்யப்பட்டது. கந்துவட்டிக்கும் அதே ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டியில் கடன் வாங்கியவரே புகார் கொடுப்பது நல்லது என்பதால், அவரிடம் வெற்றுக் காசோலைகள் எத்தனை வாங்கப்பட்டன என்ற விவரத்தை முதலில் எழுதி வாங்குங்கள்.

7. பிணையும் தடுப்புக்காவலும்

இரண்டு மூன்று வழக்குகள் பதிவானபின் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் அமைதி காக்க ஓராண்டு வரையிலும், 129ஆம் பிரிவில் வழக்கமான குற்றவாளிகளிடம் மூன்றாண்டு வரையிலும் பிணை எழுதி வாங்கலாம்; மீறினால் சிறை. "டி.சி. (காவல் துணை ஆணையர்) முன்னால் எழுதி வாங்கினார்கள்" என்ற பழைய அனுபவத்தை அப்படியே நம்ப வேண்டாம். துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் வழங்கிய அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. உங்கள் வழக்கு எந்த நிர்வாக நடுவர் முன் செல்கிறது என்பதை ஆய்வாளரிடம் கேட்டு, பிணை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பதிவேட்டில் எழுதுங்கள். பிணைக் காலத்தில் நடக்கும் ஒவ்வொரு மீறலையும் அன்றே தெரிவிக்காவிட்டால், அந்தப் பத்திரம் வெறும் தாள்.

குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் அதிகபட்சம் 12 மாதத் தடுப்புக்காவல். மாநகரில் ஆணையரும் பிற இடங்களில் ஆட்சியரும் ஆணையிடுவர். அறிவுரைக் குழுமத்தின் பரிசீலனை உண்டு. மனுவில் "குண்டாஸ் போடுங்கள்" என்று எழுதுவதால் பயனில்லை. அது தண்டனை ஆகாது, தடுப்பு மட்டுமே. ஆவணக் குறையாலும், கைதியின் முறையீட்டைத் தாமதமாகப் பரிசீலித்ததாலும் உயர் நீதிமன்றத்தில் ஆணைகள் பல ரத்தாகின்றன. நம் பங்கு, முன் வழக்குகள் உறுதியாக நிற்கும்படி பார்த்துக்கொள்வது.

8. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள்

கும்பலில் கத்தியைச் சுமப்பவன் பெரும்பாலும் சிறுவன். அவனுடைய பெயரையோ படத்தையோ வெளியிட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ வெளியிட்டவருக்குத்தான். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் உண்டு. அவரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் பேசுங்கள். அவசரத்துக்கு 1098. சிறுவனைக் குற்றத்துக்கு ஏவியவர் மீது நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு தனியே பாயும் என்பதைப் புகாரில் நினைவூட்டுங்கள். பள்ளியை நிறுத்தியவன் யார், எந்த வகுப்பில் நிறுத்தினான் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் நாங்கள் திரும்பச் சேர்த்த இருவரில், ஒருவன் பள்ளியில் நிலைத்தான், ஒருவன் நிலைக்கவில்லை.

9. சாட்சிகளைக் காப்பது

சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், காவல்துறை ஐந்து வேலை நாள்களில் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். விண்ணப்பம் எழுத மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியை நாடலாம். பொய்ச்சாட்சி சொல்லும்படி சாட்சியை மிரட்டுவது நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஆகவே மிரட்டல் வந்தால் அதையும் தனிப் புகாராகக் கொடுங்கள். சாட்சி சொல்லும் நாளில் அவர் தனியே பேருந்தில் போகக்கூடாது. இருவர் உடன் செல்லுங்கள், அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். தறி ஓட்டுபவர் இரண்டு வாய்தாவுக்குக் கூலி இழந்தால் மூன்றாவது வாய்தாவுக்கு வரமாட்டார். எங்கள் வழக்கு ஒன்று போனதற்கு மிரட்டலைவிட இதுவே காரணம்.

10. அடுத்த ஆண்டு

ஆய்வாளர் மாறுவார். புதியவர் பொறுப்பேற்ற வாரத்திலேயே பதிவேட்டின் சுருக்கம், முதல் தகவல் அறிக்கை எண்கள், பிணை முடியும் நாள்கள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். முந்தையவரைப் பற்றிப் புகார் வாசிக்காதீர்கள். தடுப்புக்காவலில் இருப்பவர் வெளிவரும் மாதத்தைப் பதிவேட்டின் முன்பக்கத்தில் குறித்துவையுங்கள். அதற்கு இரு வாரங்களுக்கு முன் ஐவரும் மறுபடி இரவு எட்டு மணிக்கு நடந்துபோய், அந்த இரண்டு மூலைகளிலும் விளக்கு எரிகிறதா, காலி மனையில் முள் மீண்டும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.